கிளாஸ் குரூப்புல பிடிஎஃப் போடறதத் தாண்டி என்ன பண்ணலாம்: காலேஜ்ல பாடம் எடுக்கறவங்களுக்கு

நான் ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல பகுதி 1 தமிழ் எடுக்கறேன். கிளாஸுக்கு 60, 70 பேரு, பிகாம்ல இருந்து பிஎஸ்சி கணிதம் வரைக்கும் எல்லா மேஜர் பசங்களும் வருவாங்க. 2020 மார்ச்ல காலேஜ மூடுனப்பதான் மத்தவங்க மாதிரி நானும் வாட்ஸாப் குரூப், கூகுள் கிளாஸ்ரூம், மீட்னு எல்லாத்தையும் அவசர அவசரமா கத்துக்கிட்டேன், அப்புறம் காலேஜ் திறந்து எல்லாரும் கரும்பலகைக்குத் திரும்பியாச்சு, ஆனா அந்தக் கருவிங்க மட்டும் கூடவே வந்துருச்சு, இன்னைக்கு நிறைய டிபார்ட்மென்ட்ல அத வச்சு என்ன நடக்குதுன்னு பாத்தா நோட்ஸ் பிடிஎஃப் அனுப்பறது, சர்குலர் அனுப்பறது, மழைன்னு லீவு விட்டா சொல்றது, அவ்வளவுதான்.

எனக்கு இதுல பெரிய வருத்தம் உண்டு. ஏன்னா ஒரு பையன் எழுதி முடிச்ச அசைன்மென்ட்ட மட்டும்தான் முன்னாடியெல்லாம் நம்மால பாக்க முடியும். அவன் எங்க திணறுனான், எத எழுதி அடிச்சான், யார் சொல்லி மாத்துனான், எதுவுமே நமக்குத் தெரியாது. இந்த ஆன்லைன் கருவிங்க வந்த பிறகு அவன் எழுதிக்கிட்டு இருக்கறப்பவே நாம பாக்கலாம், பக்கத்து பெஞ்சுப் பையனும் பாக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் இதெல்லாம் இன்னும் விடாம வச்சிருக்கேன், கீழ சொல்லப்போறது எல்லாமே அதுக்கான வழிதான்.

முதல் வாரம் எந்த ஆப்பும் வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு குடுங்க, பேப்பர்லயே எழுதி வாங்குங்க. சொந்த போன் இருக்கா, வீட்ல பொதுவா ஒரே போனா, டெய்லி டேட்டா எத்தனை மணிக்குத் தீருது, வீட்ல டவர் கிடைக்குதா, லேப்டாப் இருக்கா, ஜிமெயில் ஐடியும் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கா. இந்தக் கடைசிக் கேள்விய விட்றாதீங்க, போன் வாங்குனப்ப கடைக்காரர் போட்டுக் குடுத்த மெயில் ஐடியத்தான் பாதிப் பேர் வச்சிருப்பாங்க, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, அதனால முதல் நாள் லேப்ல உக்காந்து எல்லாருக்கும் புதுசா ஒரு ஐடி போட்டுக் குடுக்கறது நல்லது. ஒரு தடவ ஒரு பொண்ணு சீட்டுல எழுதியிருந்தா, "அண்ணன் வேலைக்குப் போயிட்டு வந்ததும் நைட் ஒன்பது மணிக்கு மேலதான் அம்மா போன் எனக்குக் கிடைக்கும்"னு. அதுவரைக்கும் நான் சாயங்காலம் ஆறு மணிக்கு டெட்லைன் வச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சீட்டப் படிச்ச அன்னைக்கே மாத்திட்டேன், இப்ப எதுக்குமே குறைஞ்சது மூணு நாள், அதுல ஒரு நாள் கண்டிப்பா ஞாயித்துக்கிழமை. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் காலேஜ் பசங்களுக்கு தினம் 2 ஜிபி இலவச டேட்டான்னு அறிவிச்சது ஞாபகம் இருக்கும். அது அந்த நாலு மாசத்துக்கு மட்டும்தான், இப்ப ரீசார்ஜ் அவங்க வீட்டுக் காசு. நாம அனுப்பற ஒவ்வொரு 80 எம்பி வீடியோவும் அந்தக் காசுலதான் இறங்குது.

அடுத்தது, மூணு கருவி போதும், ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு வேலை. அறிவிப்புக்கு வாட்ஸாப், அசைன்மென்ட் வாங்கறதுக்கு கிளாஸ்ரூம், சேந்து எழுதறதுக்கு கூகுள் டாக்ஸ். இத முதல் நாளே போர்டுல எழுதிப் போட்டுடுங்க. வாட்ஸாப்ல அசைன்மென்ட் போட்டோ அனுப்புனா நான் வாங்க மாட்டேன், யார் அனுப்புனாலும் சரி. ஒரு தடவ வாங்கிட்டா அப்புறம் 70 பேரும் அங்கதான் அனுப்புவாங்க, நம்ம போன் கேலரி முழுக்க கையெழுத்துப் போட்டோவா இருக்கும், யாரோடது எதுன்னு தேடியே ராத்திரி போயிடும். காலேஜ்ல மூடுல், டீம்ஸ்னு ஏதாவது ஏற்கனவே இருந்தா அதையே வச்சுக்கங்க, எது நல்ல ஆப்புன்னு சண்டை போடறதுல அர்த்தமில்ல, பசங்களுக்கு எத எங்க பண்ணணும்னு குழப்பம் வரக்கூடாது, அதுதான் முக்கியம்.

வாட்ஸாப்பப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா தப்பு நடக்கறது பெரும்பாலும் இங்கதான். ஒரு குரூப்ல 1024 பேர் வரைக்கும் சேக்கலாம், அதனால சில இடத்துல மொத்த டிபார்ட்மென்டையும் ஒரே குரூப்ல போட்டுடறாங்க. அத தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சாதா குரூப்ல சேந்த உடனே ஒவ்வொருத்தர் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பல வருசம் முன்னாடி நான் இருந்த ஒரு இடத்துல இப்படி ஒரு பெரிய குரூப்ல இருந்து ஒரு பொண்ணோட நம்பர எவனோ எடுத்து ராத்திரியில மெசேஜ் பண்ண ஆரம்பிச்சான், அந்தப் பொண்ணு வீட்ல போனையே பிடுங்கி வச்சுட்டாங்க, தப்பு எவனோ பண்ணுனது, படிப்பு கெட்டது இவளுக்கு. அதிலிருந்து நான் வாட்ஸாப்லயே இருக்கற கம்யூனிட்டிங்கற வசதியோட அறிவிப்புப் பகுதிய மட்டும்தான் உபயோகிக்கறேன். அதுல இருக்கற பசங்களுக்கு ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது, அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும். சாதா குரூப்தான் வேணும்னா குரூப் செட்டிங்ஸ்ல போயி அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்னு மாத்திடுங்க, குட் மார்னிங் படமும் ஃபார்வர்டு வதந்தியும் அதோட நிக்கும். நம்பர் தர விருப்பமில்லாத பொண்ணு யாராவது இருந்தா கிளாஸ்ரூமோட ஸ்ட்ரீம்லயும் அதே அறிவிப்பு வரும்னு சொல்லி வைங்க, வந்தே ஆகணும்னு யாரையும் இழுக்காதீங்க.

சந்தேகம் கேக்கறதுக்கு மட்டும் தனியா ஒரு சின்ன குரூப் உண்டு, விருப்பப்பட்டவங்க வரலாம். அதுல நான் வச்சிருக்கற வழக்கம் ஒண்ணு இருக்கு: கேள்வி வந்த உடனே நான் பதில் சொல்ல மாட்டேன். குறைஞ்சது ரெண்டு மணி நேரம் விட்டுடுவேன். முதல்ல பசங்களுக்கு இது புடிக்கல, "அம்மா பாத்துட்டாங்க, ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் வரல"ன்னு பேசிக்கிட்டாங்க. மூணாவது வாரத்துல ஒரு பையன் கேட்டான், ஒரு சங்கப் பாட்டுல "உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் என்னம்மா வித்தியாசம்"னு (ரெண்டுமே பாட்டுக்குள்ள மறைவா ஒரு பொருள வைக்கற உத்தி), நான் சும்மா இருந்தேன், சாயங்காலத்துக்குள்ள வேற மூணு பேர் பதில் எழுதியிருந்தாங்க, அதுல ரெண்டு தப்பு, ஒண்ணு பாதி சரி. அந்தப் பாதி சரியான பதில எடுத்து, "இதுல முதல் வரி சரிதாம்பா, ரெண்டாவது வரியில உவமைன்னு சொல்லிட்டியே அத மட்டும் திரும்ப யோசி"ன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புனேன். மறுநாள் கிளாஸ்ல அந்தப் பாடம் அரை மணி நேரத்துல முடிஞ்சது, வழக்கமா அதுக்கு ரெண்டு பீரியட் ஆகும். வாய்ஸ் நோட் விஷயத்த மறக்காதீங்க, மூணு நிமிஷம் பேசி அனுப்புனா வீடியோவ விட ரொம்பக் கம்மி டேட்டாதான் புடிக்கும், பஸ்ல போறப்ப கேட்டுக்குவாங்க, படிக்கக் கஷ்டப்படற பிள்ளைங்களுக்கு நம்ம குரல்ல கேக்கறது பெரிய உதவி.

ராத்திரி 8 மணிக்கு மேல நான் பதில் போட மாட்டேன்னும் சொல்லி வச்சிருக்கேன். நமக்கும் வீடு வாசல் இருக்கு.

இப்ப கூகுள் டாக்ஸ். என்னோட பாதி வேலை இங்கதான் நடக்குது. முதல்ல ஒரு முன்னெச்சரிக்கை, தமிழ்ல எழுதறவங்களுக்கு மட்டும்: வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணுன நோட்ஸ அப்படியே டாக்ஸ்ல ஒட்டுனா வெறும் குறியீடாத்தான் தெரியும். எல்லாத்தையும் எந்த போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தெரியற யூனிகோடு எழுத்துக்கு மாத்திடுங்க, மாத்திக் குடுக்கற கன்வர்ட்டர் இணையத்துல இலவசமாவே நிறைய இருக்கு. பசங்க போன்ல தமிழ் கீபோர்டு போட்டுக் குடுங்க, டைப் பண்ண வராதவங்க அதுல இருக்கற மைக்க அழுத்தித் தமிழ்ல பேசுனா அதுவே எழுதிக்கும், அப்புறம் ஒற்று மட்டும் பாத்துத் திருத்துனா போதும். சொல்லப்போனா அந்த ஒற்றுத் திருத்தற வேலையே வல்லினம் மிகும் இடம் மிகா இடத்துக்கு நல்ல பயிற்சி.

குழுவுக்கு 5 பேர். 70 பேர் கிளாஸ்னா 14 குழு. அவங்களா பிரிஞ்சா ஃப்ரண்ட்ஸ் எல்லாம் ஒரே குழுவுல உக்காந்துக்குவாங்க, அதனால நானே பிரிப்பேன், ஒவ்வொரு குழுவுலயும் லேப்டாப் உள்ள ஒரு ஆள் இருக்கற மாதிரி. ஒரு டாக்குமென்ட்ட நானே தொடங்கி அதுல தலைப்பு, கேள்விகள், யாருக்கு எந்தப் பகுதின்னு எல்லாம் எழுதி, அஞ்சு பேரோட ஜிமெயிலையும் தனித்தனியா சேத்து எடிட்டர்னு அனுமதி குடுப்பேன். இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. லிங்க் வச்சிருக்கற யார் வேணா எடிட் பண்ணலாம்னு போட்டு குரூப்ல விட்டுடறாங்க, அப்ப லாகின் பண்ணாம வர்றவங்க பேரு தெரியாது, கூகுள் ஏதாவது ஒரு மிருகத்தோட பேரப் போட்டு அனானிமஸ்னு காட்டும், எவன் எழுதுனான் எவன் அழிச்சான்னு கடைசி வரைக்கும் கண்டுபுடிக்க முடியாது. அஞ்சு ஐடி சேக்க ரெண்டு நிமிஷம் ஆகும், அந்த ரெண்டு நிமிஷத்துக்கு சோம்பல் படாதீங்க.

அப்புறம் வெர்ஷன் ஹிஸ்டரி. ஃபைல் மெனுவுக்குள்ள இருக்கு, லேப்டாப்ல திறந்து பாருங்க, போன்ல சரியா வராது. யார் எந்த நாள் எத்தனை மணிக்கு எத எழுதுனாங்க, எத அழிச்சாங்கன்னு ஆளுக்கு ஒரு கலர்ல காட்டும். போன செமஸ்டர்ல ஒரு குழுவோட கட்டுரை, வாய்மொழிப் பாட்டு சேகரிக்கறது, அவங்கவங்க ஊர்ல தாலாட்டு, ஒப்பாரி தெரிஞ்ச பாட்டிங்ககிட்ட கேட்டு எழுதணும். கடைசியில வந்த கட்டுரை ரொம்ப அழகா இருந்துச்சு, குழுத் தலைவன் பேருதான் மேல இருந்துச்சு, அவன்தான் கிளாஸ்ல நல்லாப் பேசுவான். ஹிஸ்டரியத் திறந்தா, அவன் எழுதுனது முன்னுரையில நாலு வரி. மத்ததெல்லாம் ஒரே கலர், தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல, பத்து பத்து வரியா, ஒரு பாட்டுல ஒரு சொல்ல மட்டும் நாலு தடவ மாத்தி மாத்திப் போட்டிருக்கு, பாட்டி சொன்ன உச்சரிப்பு எழுத்துல வரலன்னு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணியிருக்கா. ஆமா, அதே ஒன்பது மணிக்கு மேல போன் கிடைக்கற பொண்ணுதான். கிளாஸ்ல வாயத் திறந்தே நான் பாத்ததில்ல. அந்த ஹிஸ்டரி இல்லாம இருந்திருந்தா அவளோட உழைப்பு எனக்குத் தெரிஞ்சே இருக்காது, மார்க்கும் அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி போயிருக்கும். குழுத் தலைவனத் தனியாக் கூப்ட்டு, "தம்பி, இதுல உன் பங்கு எது, நீயே சொல்லு"ன்னு மட்டும் கேட்டேன், எல்லார் முன்னாடியும் கேக்கல. அடுத்த கட்டுரையில அவன் கலரும் நிறைய தெரிஞ்சது.

கட்டுரைய எங்கிருந்தாவது மொத்தமா வெட்டி ஒட்டுனாலும் ஹிஸ்டரியில தெரிஞ்சுடும். 600 சொல் ஒரே நிமிஷத்துல வந்து விழுந்திருக்கும். சாட்ஜிபிடி காலத்துல இது ரொம்ப உதவி, ஆனா அத வச்சு உடனே குற்றம் சாட்டாதீங்க, சில பிள்ளைங்க டேட்டா இல்லாததால போன் நோட்ஸ்ல எழுதி வச்சுட்டு அப்புறம் ஒட்டுவாங்க. கூப்ட்டு உக்கார வச்சு, "இந்த ரெண்டாவது பத்தியில என்ன சொல்ல வர்ற"ன்னு கேளுங்க, எழுதுனவங்களுக்கு அது தெரியும்.

ஒரு குழு எழுதுனத இன்னொரு குழு படிச்சு கமெண்ட் போடணும், இது கட்டாயம். ஆனா சும்மா கமெண்ட் போடுங்கன்னு விட்டா "சூப்பர்", "நல்லா இருக்கு"ன்னு மட்டும்தான் வரும். அதனால மூணே மூணு கேள்வி குடுப்பேன்: எந்த வரி உனக்குப் புரியல, எந்த இடத்துல ஆதாரம் இல்லாம சொல்லியிருக்காங்க, நீயா இருந்தா எத முதல்ல வச்சிருப்ப. இந்தக் கட்டத்துல அவங்களுக்கு எடிட்டர் அனுமதி வேண்டாம், கமெண்ட் போடற அனுமதி மட்டும் குடுங்க. அடுத்தவங்க எழுத்த அழிக்காம பக்கத்துல கருத்து சொல்லிப் பழகட்டும்.

கிளாஸ் நடக்கறப்ப செய்யற ஒரு வேலையும் சொல்றேன். ஹார்வர்டுல இயற்பியல் நடத்துன எரிக் மசூர்ங்கற பேராசிரியர் 1990கள்ல ஒரு முறைய பரவலாக்குனாரு. ஒரு கேள்வி போடறது, ஆளாளுக்கு யாரையும் பாக்காம பதில் போடறது, அப்புறம் பக்கத்துல இருக்கறவன்கிட்ட ரெண்டு நிமிஷம் வாதம் பண்றது, திரும்பவும் பதில் போடறது. ஏறக்குறைய 30ல இருந்து 70 சதவீதம் பேர் சரியா சொன்னாதான் அந்த வாதத்துக்குப் பலன் இருக்கும்பாரு, அதுக்குக் கீழன்னா திரும்ப நடத்தணும், மேலன்னா அடுத்ததுக்குப் போயிடலாம். அது இயற்பியலுக்குன்னு நினைக்காதீங்க. நான் ஒரு அகப்பாட்ட வாசிச்சுட்டு இது யார் கூற்று, தலைவியா, தோழியா, செவிலியா, தலைவனான்னு கூகுள் ஃபார்ம்ல போடுவேன். வாட்ஸாப்ல இருக்கற ஓட்டெடுப்பு வேண்டாம், அதுல யார் எதுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், நல்லாப் படிக்கற பொண்ணு எதுக்குப் போட்டாளோ அதுக்கே பின்னாடி இருபது பேர் போடுவாங்க. ஃபார்ம்ல யாருக்கும் யாரோடதும் தெரியாது, எனக்கு மட்டும் வட்டமா வரைபடம் வரும். பாதிப் பேர் தலைவின்னும் பாதிப் பேர் தோழின்னும் போட்டா அன்னைக்கு எனக்கு நல்ல நாள், "சரி, பக்கத்துல இருக்கறவங்கள உன் பக்கம் இழு பாப்போம்"னு விட்டுடுவேன், கிளாஸே சந்தைக்கடை மாதிரி ஆயிடும், ஆனா ஒவ்வொருத்தனும் பாட்டுல எந்தச் சொல்ல வச்சு அப்படிச் சொல்றோம்னு தேடிக்கிட்டு இருப்பான். போன் இல்லாதவங்களுக்கு ஏ, பி, சி, டின்னு நாலு அட்டை வச்சிருக்கேன், தூக்கிக் காட்டுவாங்க, அத நானே ஃபார்ம்ல சேத்துடுவேன். அட்டைய எண்ணி எழுத ஒரு நிமிஷம்தான் ஆகும்.

இன்னும் ஒரு படி மேல போகணும்னா தமிழ் விக்கிமூலத்துக்கு வாங்க, அச்சுப் புத்தகங்கள எல்லாரும் சேந்து எழுத்தாக்கி இலவசமாப் படிக்க வைக்கற இணையத் தளம் அது. தமிழ் டிபார்ட்மென்ட்ல இருக்கற யாருமே இத விடக்கூடாதுன்னு நினைக்கறேன். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் 2000க்கு மேல தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியா அங்க ஸ்கேனா ஏறியிருக்கு. ஒரு பக்கம் அச்சுப் புத்தகத்தோட படம், பக்கத்துலயே மெஷின் படிச்சுக் குடுத்த எழுத்து, நாம ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துத் திருத்தணும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருத்தர் மெய்ப்புப் பாத்துட்டா மஞ்சள், வேற ஒருத்தர் சரி பாத்தா பச்சை. மஞ்சள் ஆக்குனவரே பச்சை ஆக்க முடியாது, ரெண்டாவது ஆள் வேணும். அதனால ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு விட்டா போதும், ஒருத்தர் திருத்தறது, மத்தவர் சரி பாக்கறது, அந்தத் தளமே நம்ம வேலையில பாதியப் பாத்துக்கும். மெஷின் எங்க தடுமாறும்னு பசங்க சீக்கிரமே கண்டுபுடிச்சுடுவாங்க, துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது அதுக்கு, "பாடம்"ங்கறத "பரடம்"னு எழுதி வச்சிருக்கும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் கண்ண விரிச்சுப் படிக்க வேண்டியிருக்கும், நான் எத்தனை தடவ "பாடத்த நல்லாப் படிங்க"ன்னு சொல்லியும் நடக்காத கவனம் அங்க தானா வருது. அந்தப் பக்கம் உலகத்துல எங்க இருக்கற தமிழரும் படிக்கப் போற பக்கம்னு தெரிஞ்சதும் அவங்க உக்கார்ற விதமே மாறிடும். கணக்குத் தொடங்கறப்ப சொந்தப் பேரோ ரோல் நம்பரோ வேண்டாம், ஒரு புனைபெயர் வைக்கச் சொல்லுங்க, எந்தப் புனைபெயர் யாருன்னு ஒரு பட்டியல் உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். ஒவ்வொருத்தர் பங்களிப்பும் நாள், நேரத்தோட அங்கயே பதிவாகும்.

விக்கிப்பீடியாவுல கட்டுரை எழுத வைக்கறது இத விடக் கஷ்டம், முதல் செமஸ்டர்லயே அதுக்குப் போகாதீங்க. 2011ல விக்கிப்பீடியாவ நடத்தற விக்கிமீடியா அறக்கட்டளை புனேயில சில காலேஜ்ல இத ஒரு பெரிய திட்டமாவே தொடங்குனாங்க, நூத்துக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்துல ஆங்கில விக்கிப்பீடியாவுல எழுத வந்தாங்க, நிறைய பேர் புத்தகத்துல இருந்தும் இணையத்துல இருந்தும் அப்படியே எடுத்து ஒட்டிட்டாங்க, அங்க இருக்கற தன்னார்வலர்களால அத சுத்தம் பண்ணி மாளல, அந்த வருசக் கடைசியிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. பசங்கள மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல, சொந்த நடையில எழுதறது எப்படி, காப்புரிமைன்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் முன்னாடி பழக்கிக் குடுக்கல. அதனால முதல்ல டாக்ஸ்ல ஒரு செமஸ்டர் எழுதிப் பழகட்டும், மேற்கோள் எப்படிக் காட்டறதுன்னு கத்துக்கட்டும், அப்புறம் ஏற்கனவே இருக்கற கட்டுரையில ஒரு பத்தி, ஒரு ஆதாரம் சேக்கறதுன்னு சின்னதாத் தொடங்கலாம்.

வேற பாடம் எடுக்கறவங்களுக்கு சுருக்கமா. தாவரவியல், விலங்கியல்னா ஐநேச்சுரலிஸ்ட் பாருங்க, செடியையோ பூச்சியையோ போட்டோ எடுத்துப் போட்டா வேற ஊர்ல இருக்கற ஆட்கள் வந்து பேரு சொல்லுவாங்க, சரியா தப்பான்னு விவாதம் நடக்கும், நம்ம பசங்க செடியக் காய வச்சு ஹெர்பேரியம் ஷீட்டுல ஒட்டறதோட நிக்காம வெளியுலக ஆட்களோட பேசுவாங்க. ஆனா வீட்டுத் தோட்டத்துல எடுத்த போட்டோவா இருந்தா இடத்தத் துல்லியமாக் காட்டாம மறைக்கற வசதிய கண்டிப்பாப் போடச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்னா சேந்து கோட் எழுதற தளமான கிட்ஹப் பத்திச் சொல்லவே வேண்டாம், யார் எந்த வரி கோட் எழுதுனாங்கன்னு எல்லாம் அதுல வந்துடும். காமர்ஸ் டிபார்ட்மென்ட்ல ஒரு தோழி ஒரே கூகுள் ஷீட்ல கிளாஸ் மொத்தத்தையும் ஒரு கம்பெனியோட கணக்கு போட வைக்கறாங்க, ஒருத்தன் பற்றுல தப்பு பண்ணுனா கடைசியில பேலன்ஸ் ஷீட்ல கிளாஸுக்கே இடிக்கும், தேடிக் கண்டுபுடிச்சே ஆகணும்.

வீடியோ போடறதா இருந்தா பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம், யூடியூப்ல அன்லிஸ்டட்னு (தேடுனா வராது, லிங்க் இருந்தா மட்டும் பாக்கலாம்) போட்டு லிங்க் மட்டும் குடுங்க, அவங்கவங்க டேட்டாவுக்குத் தகுந்த மாதிரி குவாலிட்டியக் குறைச்சுப் பாத்துக்குவாங்க. புத்தகத்த முழுசா ஸ்கேன் பண்ணி குரூப்ல போடாதீங்க, பதிப்பாளரும் எழுத்தாளரும் நம்ம ஆட்கள்தான். சங்க இலக்கியம் மாதிரி பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல 1998லிருந்து இலவசமாவே குடுக்கறாங்க, அந்த லிங்க் போதும்.

இன்ஸ்டாகிராம் பத்தி ஜூனியர் ஆசிரியர்கள் நிறைய பேர் கேக்கறாங்க, பசங்க எல்லாம் அங்கதானே இருக்காங்கன்னு. கிளாஸ் பேர்ல ஒரு தனிப் பக்கம் தொடங்கி, பசங்க ஒரு பாட்ட ஒரு நிமிஷத்துல விளக்கற மாதிரி ரீல் போடறது நல்லாவே இருக்கும், எங்க பசங்க ஊர்ப் பேர்களோட கதைய அப்படிப் போட்டாங்க. ஆனா முகம் காட்டறது கட்டாயமா இருக்கக்கூடாது, குரல் மட்டும் போதும், வரைஞ்ச படம் போதும், விருப்பமில்லன்னா அதே வேலைய எழுதிக் குடுத்தாலும் அதே மார்க். உங்க சொந்தக் கணக்குல மாணவர்கள சேக்காதீங்க, அவங்களப் பின்தொடரவும் செய்யாதீங்க. அவங்க ஸ்டோரியில போடறதெல்லாம் நமக்குத் தெரியணும்னு இல்ல, தெரியாம இருக்கறது அவங்களுக்கு நாம குடுக்கற மரியாதை. முதல் வருசத்துல வர்ற நிறைய பிள்ளைங்களுக்கு 17 வயசுதான், 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18க்குக் கீழ இருந்தா குழந்தைதான். அவங்க போட்டோவையும் வீடியோவையும் வெளிய போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயும் வீட்லயும் கேட்டு எழுதி வாங்கிக்கங்க. மார்க் லிஸ்ட்ட குரூப்ல போடற பழக்கம் எங்கயாவது இருந்தா அத இன்னைக்கே நிறுத்துங்க, கிளாஸ்ரூம்ல அவங்கவங்க மார்க் அவங்கவங்களுக்கு மட்டும் போகும்.

மார்க் எப்படிப் போடறதுன்னு கேட்டா, இன்டர்னல்ல அசைன்மென்ட்டுக்கு இருக்கற 10 மார்க்கத்தான் நான் பிரிச்சுக்கறேன். கட்டுரைக்கு 4, அவங்க சொந்தப் பங்குக்கு 3, அடுத்த குழுவுக்குப் போட்ட கமெண்ட்டுக்கு 3. கமெண்ட்டுக்கு மார்க் இல்லன்னா யாரும் அடுத்தவங்க எழுதறதப் படிக்க மாட்டாங்க. நேரம் எவ்வளவு ஆகும்னு பயப்படறவங்களுக்கு: ஒரு குழுவோட டாக்குமென்ட்ட வாரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் பாக்கறேன், 14 குழுவுக்கு ரெண்டரை மணி நேரம் கூட ஆகாது, கடைசியில 70 அசைன்மென்ட் நோட்ட ஒரே மூச்சுல திருத்தற வேலை எனக்கு இல்ல. அந்தப் பத்து நிமிஷத்துல ரெண்டே ரெண்டு கமெண்ட்தான் போடுவேன், ஒண்ணு நல்லா வந்திருக்கற இடம், இன்னொண்ணு அடுத்து என்ன பண்ணணும்னு. சில வாரம் முடியாம போகும், மாடல் எக்ஸாம் வரும், காலேஜுக்குத் தரம் போடற நாக் குழு வர்ற வேலை வரும், அப்ப இந்த வாரம் பாக்கலன்னு பசங்ககிட்ட நேராச் சொல்லிடுங்க.

செமஸ்டர் முடிஞ்சதும் ஒரு நாள் ஒதுக்கி வைங்க. கட்டுரையெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு பசங்களுக்கு ஒரு காப்பி குடுங்க, டாக்ஸ்ல எடிட்டர் அனுமதிய எடுத்துட்டுப் படிக்க மட்டும்னு மாத்துங்க, கிளாஸ்ரூம ஆர்க்கைவ் பண்ணுங்க. சந்தேக குரூப்ப நான் அன்னைக்கே கலைச்சுடுவேன், நம்பரெல்லாம் அங்க சும்மா கிடக்க வேண்டாம், ஒவ்வொருத்தரா ரிமூவ் பண்ணிட்டு கடைசியா நான் வெளிய வருவேன். போன தடவ அப்படிப் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் வந்துச்சு, "அம்மா, எங்க பாட்டி பாடுன அந்தப் பாட்டு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்துக்கலாமா, பாட்டிக்குப் படிச்சுக் காட்டணும்"னு. அவளுக்கு அந்தப் பக்கத்த நானே பிரிண்ட் எடுத்து மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல குடுத்தேன்.